குடலை அசைக்கும் கால்சியம்

கால்சியம் என்றதும் நம் நினைவுக்கு வருவது எலும்பும் பல்லும்தான். பிள்ளைக்குப் பால் கொடுத்தால் எலும்பு உறுதியாகும் என்று பெரியவர்கள் சொல்வதும், வயதான தாய்மார்களுக்கு மருத்துவர் கால்சியம் மாத்திரை எழுதித் தருவதும் நாம் அன்றாடம் காண்பவை. அதே கால்சியம் ஒவ்வொரு நொடியும் நம் வயிற்றுக்குள் இன்னொரு வேலையையும் செய்துகொண்டிருக்கிறது. உண்ட சோறு தொண்டைக்குக் கீழே இறங்கிய பிறகு அதை நாம் தள்ளுவதில்லை. தூங்கினாலும் நடந்தாலும் பேசிக்கொண்டிருந்தாலும் குடல் தானே அதைப் பிசைந்து, தானே நகர்த்துகிறது. குடல் தசைக்கு ‘இப்போது சுருங்கு’, ‘இப்போது தளர்’ என்ற சேதியைக் கொண்டு சேர்ப்பது கால்சியம்தான்.

இதைத் தெரிந்துகொண்டு நமக்கு என்ன ஆகப்போகிறது என்று தோன்றலாம். வயிற்றுவலி என்று மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் மாத்திரை, அழும் கைக்குழந்தைக்கு ஊற்றும் சொட்டு மருந்து, இரத்த அழுத்தத்துக்குப் பெரியவர்கள் போடும் சில மாத்திரைகள், பேதியை நிறுத்த விழுங்கும் மாத்திரை ஆகியவை எல்லாம் இந்தச் சேதிப் போக்குவரத்தின் ஏதோ ஓர் இடத்தில்தான் கை வைக்கின்றன. எந்த இடத்தில் என்று தெரிந்தால் எதை எப்போது கொடுக்கக்கூடாது என்பதும் புரியும். பாடம் சற்று நீளமானது. வீட்டில் பிளஸ் டூ உயிரியல் படிக்கும் பிள்ளை இருந்தால் சேர்ந்து உட்கார்ந்து படியுங்கள்.

குடல் சுவரின் அமைப்பு

சிறுகுடல் ஏறத்தாழ 6 மீட்டர் நீளம். பெருங்குடல் ஏறத்தாழ ஒன்றரை மீட்டர். இந்தக் குழாயின் சுவரில் இரண்டு தசை அடுக்குகள் உள்ளன. உள் அடுக்கு வளையல் போலக் குழாயைச் சுற்றி ஓடுகிறது. அது சுருங்கினால் குழாயின் வாய் குறுகும். வெளி அடுக்கு குழாயின் நீளவாக்கில் ஓடுகிறது. அது சுருங்கினால் குழாய் குட்டையாகும். இரண்டும் மாறி மாறி வேலை செய்யும்போது உணவு பிசையப்படுகிறது, கீழே தள்ளவும் படுகிறது.

இந்தத் தசையைப் பள்ளிப் புத்தகங்கள் மென்தசை அல்லது வரியற்ற தசை என்று சொல்கின்றன. கை கால் தசையில் காணப்படும் குறுக்குவரிகள் இதில் இல்லை. இதன் செல் நூற்கதிர் போல நடுவில் பருத்து, இரு முனையிலும் கூர்ந்திருக்கும். பக்கத்துச் செல்லோடு ஒவ்வொன்றும் நுண்ணிய துளைகளால் இணைந்திருப்பதால் ஒன்றுக்கு வந்த மின் துடிப்பு அடுத்ததற்கும் பரவும். ஆயிரக்கணக்கான செல்கள் ஒரே செல்போலச் சேர்ந்து இயங்குவது இதனால்தான்.

நிறைந்த கண்மாயும் வறண்ட வயலும்

வளர்ந்த மனிதரின் உடலில் சுமார் 1 கிலோ கால்சியம் இருக்கிறது. அதில் 99 விழுக்காடு எலும்பிலும் பல்லிலும் பூட்டப்பட்டிருக்கிறது. மிஞ்சிய ஒரு விழுக்காட்டில்தான் இதயத் துடிப்பும், நரம்பின் வேலையும், குடலின் அசைவும் நடந்தாக வேண்டும். இரத்தத்தில் கால்சியம் டெசிலிட்டருக்கு 8.5 முதல் 10.5 மில்லிகிராம் என்ற குறுகிய எல்லைக்குள் நிற்கும்படி உடல் காவல் காக்கிறது. கூடினாலும் குறைந்தாலும் உடல் தாங்காது.

செல்லுக்கு வெளியே இருக்கும் கால்சியம் அயனிகளின் செறிவு, ஓய்வில் இருக்கும் தசைச் செல்லுக்குள் இருப்பதைப்போல் ஏறத்தாழ 10,000 மடங்கு. கரை தளும்ப நிறைந்த ஒரு கண்மாயும் அதை ஒட்டி வறண்டு கிடக்கும் வயலும் போன்றது இது. மடையைக் கொஞ்சம் திறந்தாலும் தண்ணீர் பாய்ந்துவிடும். செல்லின் சவ்வில் இருக்கும் கால்சியம் வாயில்கள்தான் மடை. வயலுக்குள்ளேயே ஒரு கிணறும் உண்டு. செல்லுக்குள் இருக்கும் வலைப்பின்னல் போன்ற பைகளில் கால்சியம் சேமித்து வைக்கப்பட்டிருக்கிறது. அதுதான் அந்தக் கிணறு.

உள்ளே ஏன் இப்படி வறட்சியாக வைத்திருக்க வேண்டும்? அமைதியான வீட்டில் கதவைத் தட்டினால் உடனே காதில் விழும். இரைச்சல் நிறைந்த வீட்டில் யாருக்கும் கேட்காது. உள்ளே கால்சியம் மிகக் குறைவாக இருப்பதால்தான் சிறிதளவு நுழைந்தாலும் செல் அதை ஒரு சேதியாக உணர்கிறது.

குழாய்த் தண்ணீர் காட்டிய உண்மை

கால்சியத்துக்கும் தசைக்கும் உள்ள உறவு வெளிப்பட்டது ஒரு தற்செயலால். இலண்டனில் சிட்னி ரிங்கர் என்ற மருத்துவர் தவளையின் இதயத்தை உப்புக் கரைசலில் வைத்துத் துடிக்கவிட்டு ஆராய்ந்துவந்தார். முதலில் இதயம் நன்றாகத் துடித்தது. பிறகு காய்ச்சி வடித்த நீரில் அதே உப்பைக் கரைத்து வைத்தபோது துடிப்பு நின்றுபோனது. விசாரித்தபோது, முதலில் பயன்பட்ட கரைசல் காய்ச்சி வடித்த நீரில் அல்லாமல் இலண்டன் குழாய்த் தண்ணீரில் தயாரிக்கப்பட்டது என்று தெரியவந்தது. அந்தத் தண்ணீரில் கலந்திருந்த கால்சியமே இதயத்தைத் துடிக்க வைத்திருந்தது. 1883-இல் அவர் இதை வெளியிட்டார். அந்த வழியில் வந்த ஆய்வுகள்தான், இதயத்தைப் போலவே குடல் தசையும் கால்சியம் இல்லாமல் சுருங்காது என்பதைக் காட்டின.

மடை திறந்தால் என்ன நடக்கிறது

இனி ஒரு சுருக்கத்தைப் படிப்படியாகப் பார்ப்போம்.

முதல் படி: தசைச் செல்லின் சவ்வில் மின்னழுத்தம் மாறுகிறது. அந்த மாற்றத்தை உணர்ந்து கால்சியம் வாயில்கள் திறக்கின்றன. வெளியிலிருந்து கால்சியம் உள்ளே பாய்கிறது.

இரண்டாம் படி: நரம்பின் முனையிலிருந்து அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் வந்து செல்லின் மேல் உள்ள ஏற்பியில், பூட்டில் சாவி பொருந்துவதுபோலப் பொருந்தினால், செல்லுக்குள் ஐ.பி.3 என்ற சிறு தூதுப்பொருள் உண்டாகிறது. அது உள்ளே இருக்கும் கிணற்றைத் திறந்துவிடுகிறது. இப்படி வெளியிலிருந்தும் உள்ளிருந்தும் கால்சியம் சேர்கிறது.

மூன்றாம் படி: செல்லுக்குள் கால்மோடுலின் என்ற புரதம் காத்திருக்கிறது. அது நான்கு கால்சியம் அயனிகளைப் பிடித்துக்கொண்டதும் உருமாறி, மையோசின் லைட் செயின் கைனேஸ் என்ற நொதியை எழுப்பிவிடுகிறது.

நான்காம் படி: அந்த நொதி மையோசின் புரதத்தின் மேல் ஒரு பாஸ்பேட்டை ஒட்டுகிறது. பாஸ்பேட் ஒட்டிய மையோசின் ஆக்டின் இழையைப் பற்றி இழுக்கிறது. செல் சுருங்குகிறது.

மாணவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். கை கால் தசையில் கால்சியம் ட்ரோபோனின் என்ற புரதத்தோடு சேர்கிறது என்று படித்திருப்பீர்கள். மென்தசையில் ட்ரோபோனின் இல்லை. அதன் பொறுப்பைக் கால்மோடுலின் ஏற்கிறது. பாஸ்பேட்டை ஒட்டும் வேலை நடுவில் இருப்பதால் மென்தசை மெதுவாகத்தான் சுருங்கும். ஆனால் குறைந்த சக்தியில் நெடுநேரம் தாக்குப்பிடிக்கும். நாள் முழுதும் ஓயாமல் உழைக்க வேண்டிய குடலுக்கு இதுதான் பொருத்தம்.

மடை அடைபடுவதும் அதே அளவு முக்கியம்

சுருங்கிய தசை தளரவில்லை என்றால் உணவு நகராது. ஆகவே வந்த கால்சியத்தை வெளியேற்றியாக வேண்டும். செல்லில் அதற்கெனப் புரத இறைப்பான்கள் உள்ளன. சில அதைச் செல்லுக்கு வெளியே தள்ளுகின்றன. சில உள்கிணற்றுக்குத் திருப்பி அனுப்புகின்றன. பள்ளத்திலிருந்து மேட்டுக்குத் தண்ணீர் இறைப்பது போன்ற வேலை இது; சக்தி செலவாகும். இன்னொரு நொதி மையோசினில் ஒட்டிய பாஸ்பேட்டைப் பிரித்து எடுக்கிறது. தசை தளர்கிறது.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. கால்சியம் என்றாலே சுருக்கம் என்று நினைத்துவிடக் கூடாது. உள்கிணற்றிலிருந்து சவ்வை ஒட்டிய ஒரு சிறு இடத்தில் மட்டும் கால்சியம் பொறிபோலத் தெறித்தால், அது அருகிலுள்ள பொட்டாசியம் வாயிலைத் திறக்கும். பொட்டாசியம் வெளியேறினால் மின்னழுத்தம் இறங்கி, கால்சியம் வாயில்கள் மூடிக்கொள்ளும், தசை தளரும். செல் முழுதும் பரவிய கால்சியம் ஒரு சேதி. ஒரு மூலையில் தெறித்த கால்சியம் அதற்கு நேர் எதிரான சேதி. எவ்வளவு வந்தது என்பதோடு எங்கே வந்தது என்பதையும் செல் பார்க்கிறது.

தாளம் போடுவது யார்?

குடல் ஒரு தாளத்தோடு அசைகிறது. மனிதரின் இரைப்பையில் நிமிடத்துக்கு 3 மின் அலைகள் வரை எழுகின்றன. சிறுகுடலின் தொடக்கத்தில் ஏறத்தாழ 12. அதன் கடைசிப் பகுதியில் 8 அளவுக்குக் குறைகிறது. இந்தத் தாளத்தைத் தசை தானாகப் போடுவதில்லை. தசை அடுக்குகளுக்கு நடுவே வலைபோலப் பின்னியிருக்கும் தனிவகைச் செல்கள்தான் போடுகின்றன. ஸ்பெயின் நாட்டு அறிஞர் சாந்தியாகோ ரமோன் இ கஹால் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இவற்றை நுண்ணோக்கியில் கண்டு வரைந்தார். 1906-இல் நோபல் பரிசு பெற்ற அவர் பெயராலேயே இவை கஹால் செல்கள் எனப்படுகின்றன.

இவற்றின் வேலை என்ன என்பது நெடுங்காலம் தெளிவாகவில்லை. 1992-இல் ஜப்பான் ஆய்வாளர்கள், பிறந்த எலிக்குஞ்சுகளில் இந்தச் செல்கள் வளரத் தேவையான ஒரு புரதத்தைத் தடுத்துப் பார்த்தார்கள். குடல் தாளம் இழந்து வீங்கிப்போனது. தாளக்காரர் யார் என்பது அப்போது புலப்பட்டது. இந்தச் செல்லுக்குள்ளும் வேலை செய்வது கால்சியம்தான். உள்கிணற்றிலிருந்து வெளிவரும் கால்சியம் ஒரு குளோரைடு வாயிலைத் திறக்கிறது. மின் அலை பிறக்கிறது. அது பக்கத்துத் தசைச் செல்லுக்குப் பரவி அங்கே கால்சியம் மடையைத் திறக்கிறது.

பல ஆண்டுகள் கட்டுக்குள் வராத சர்க்கரை நோய் இந்தச் செல்களையும் குடல் நரம்புகளையும் குறைத்துவிடக்கூடும். அப்போது இரைப்பை மெதுவாகக் காலியாகும். கொஞ்சம் உண்டாலும் வயிறு நிறைந்துவிடும், குமட்டும், எப்போதோ சாப்பிட்டது வாந்தியில் வரும். வீட்டில் சர்க்கரை நோயாளி இப்படிச் சொன்னால் வாயு என்று தள்ளிவிடாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

நரம்பு இல்லாத இடம்

தாளம் மட்டும் போதாது, திசையும் வேண்டும். 1899-இல் இலண்டனில் பேலிஸ், ஸ்டார்லிங் என்ற இரு அறிஞர்கள் நாயின் குடலில் ஒரு விதியைக் கண்டார்கள். உணவுக் கவளத்துக்குப் பின்னால் குடல் சுருங்குகிறது. முன்னால் தளர்ந்து வழிவிடுகிறது. பின்னால் சுருங்கச் சொல்வது அசிட்டைல்கோலின். முன்னால் தளரச் சொல்வதில் நைட்ரிக் ஆக்சைடுக்குப் பெரிய பங்கு உண்டு. இரண்டையும் வெளியிடுவது குடல் சுவரிலேயே இருக்கும் நரம்புச் செல்கள்.

ஏறத்தாழ 5,000 குழந்தைகளில் ஒருவருக்குப் பெருங்குடலின் கடைசிப் பகுதியில் இந்த நரம்புச் செல்கள் இல்லாமலே பிறப்பு நேர்கிறது. 1886-இல் இதை விவரித்த டென்மார்க் மருத்துவரின் பெயரால் இது ஹிர்ஷ்ஸ்பிரங் நோய் எனப்படுகிறது. தளரச் சொல்ல ஆளில்லாததால் அந்தப் பகுதி இறுகியே கிடக்கும். மேலே மலம் தேங்கி வயிறு வீங்கும். பிறந்த குழந்தை கரும்பச்சை நிறமான முதல் மலத்தை 48 மணி நேரத்துக்குள் கழிக்கவில்லை என்றால் இதையும் சோதிக்க வேண்டும். நரம்பில்லாத பகுதியை நீக்கும் அறுவை சிகிச்சை இருக்கிறது. காலத்தில் கண்டுபிடித்தால் பிள்ளை நன்றாக வளரும். விளக்கெண்ணெய் கொடுத்தும் வெற்றிலைக் காம்பு வைத்தும் நாள் கடத்தினால் குடல் அழற்சி ஏற்பட்டு உயிருக்கே ஆபத்தாகலாம்.

நோன்பு நேரத்தில் வயிறு

வெறும் வயிறு சும்மா இருப்பதில்லை. உணவு செரித்து முடிந்த பின், ஏறத்தாழ 90 முதல் 120 நிமிடத்துக்கு ஒரு முறை இரைப்பையிலிருந்து சிறுகுடலின் கடைசி வரை வலிய சுருக்க அலை ஒன்று பெருக்கிக்கொண்டு போகிறது. மிச்சம் மீதியையும் கிருமிகளையும் அது கீழே ஒதுக்குகிறது. நோன்பாளியின் வயிறு அஸருக்குப் பிறகு கடமுட என்று சத்தம் போட்டால், அது நோயல்ல. கூட்டிப் பெருக்கும் வேலை நடக்கிறது. ஆனால் நாள் முழுதும் தண்ணீர் குடிக்காததால் மலம் இறுகுவது உண்டு. இஃப்தாருக்கும் சஹருக்கும் இடையே போதிய தண்ணீர், பழம், காய்கறி எடுத்துக்கொண்டால் பெரும்பாலும் இது சரியாகும்.

நாம் விழுங்கும் மருந்துகள் எங்கே கை வைக்கின்றன?

வயிற்றுவலி மாத்திரை: டைசைக்ளோமின், ஹையோசின் போன்றவை அசிட்டைல்கோலின் பொருந்தும் பூட்டை அடைத்துவிடுகின்றன. சேதி போய்ச் சேராததால் இழுத்துப் பிடித்த குடல் தளர்ந்து வலி குறைகிறது. ஆனால் அதே வகைப் பூட்டு சிறுநீர்ப்பையிலும், கண்ணிலும், உமிழ்நீர்ச் சுரப்பியிலும் இருக்கிறது. ஆகவேதான் வாய் உலர்கிறது, பார்வை மங்குகிறது. புராஸ்டேட் வீக்கம் உள்ள முதியவருக்குச் சிறுநீர் அடைத்துக்கொள்ளலாம். சில வகைக் கண் அழுத்த நோய் உள்ளவர்களுக்கும் ஆபத்து. ஆறு மாதம் நிறையாத குழந்தைக்கு டைசைக்ளோமின் கொடுக்கவே கூடாது. மூச்சுத் திணறலும் வலிப்பும் வரக்கூடும். அக்கம்பக்கத்தில் யாரோ கொடுத்தார்கள் என்று சொட்டு மருந்தை ஊற்றுவதற்கு முன் தாய்மார்கள் மேலட்டையைப் படியுங்கள். படிக்கத் தெரியாவிட்டால் படிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

இரத்த அழுத்த மாத்திரை: சில மாத்திரைகள் கால்சியம் மடையையே அடைப்பவை. இரத்தக் குழாயின் சுவரும் மென்தசைதான்; அது தளர்ந்தால் அழுத்தம் இறங்கும். குடலிலும் அதே மடை இருப்பதால், குறிப்பாக வெராபமில் என்ற மருந்தை எடுப்பவர்களுக்கு மலச்சிக்கல் வரும். நம் ஊரில் பலரும் போடும் அம்லோடிபின் பெரும்பாலும் இரத்தக் குழாயில் வேலை செய்வதால் அதில் இந்தத் தொல்லை குறைவு. மலச்சிக்கல் வந்தது என்று மாத்திரையைத் தாமாக நிறுத்துவது பக்கவாதத்தைக் கூப்பிட்டு உட்கார வைப்பது போன்றது. மருத்துவரிடம் சொன்னால் மாற்று மருந்து கிடைக்கும்.

பேதி நிறுத்தும் மாத்திரை: லோபரமைடு குடல் நரம்பிலிருந்து அசிட்டைல்கோலின் வெளிவருவதையே குறைக்கிறது. அசைவு நிற்கும்; ஆனால் உடலை விட்டு வெளியேறும் நீரும் உப்பும் திரும்பி வந்துவிடாது. சிறு குழந்தைகளுக்கு இதைக் கொடுக்கக்கூடாது. காய்ச்சலோடு இரத்தம் கலந்து போகிறவர்களும் எடுக்கக்கூடாது. கிருமி உள்ளேயே தங்கிவிடும். பேதிக்கு முதல் மருந்து உப்பு சர்க்கரைக் கரைசல். பாக்கெட்டில் வரும் ஓ.ஆர்.எஸ். பொடியில் பொட்டாசியமும் இருக்கிறது. அது குறைந்தால் குடல் தசை செயலிழந்து வயிறு உப்பும் என்பதால் வீட்டில் இரண்டு பாக்கெட் எப்போதும் இருக்கட்டும்.

கால்சியம் மாத்திரை: பால் குடிப்பதாலோ கருவாடு உண்பதாலோ குடல் தசையில் கால்சியம் ஏறிவிடாது. இரத்தத்தின் அளவை உடல் காப்பது போலவே செல்லும் தன் அளவைக் காக்கிறது. ஆனால் கால்சியம் கார்பனேட் மாத்திரை சிலருக்கு மலத்தை இறுக்கும். ஏதோ நோயால் இரத்தத்தில் கால்சியம் மிகுந்தாலும் மலச்சிக்கல், அதிக தாகம், சோர்வு வரும். அதை ஓர் இரத்தப் பரிசோதனையில் அறியலாம்.

உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டியவை

வயிறு உப்பி, மலமும் காற்றும் பிரியாமல், வாந்தியும் சேர்ந்து வருவது, பச்சை நிறத்தில் வாந்தி, முக்கியமாகக் குழந்தைக்கு, மலத்தில் இரத்தம், விட்டு விட்டு வந்த வலி நிலையாக நின்று, வயிறு கல்லாக இறுகிப்போவது. இந்த நேரங்களில் வலி மாத்திரையும் பேதி மாத்திரையும் கொடுத்துக் காத்திருக்க வேண்டாம். சேதிப் போக்குவரத்தில் வந்த கோளாறா, குழாயே அடைபட்டுவிட்டதா என்பதை வீட்டிலிருந்து சொல்ல முடியாது.

பாடத்தைச் சரிபார்க்க

1. செல்லுக்குள் கால்சியம் மிகக் குறைவாக இருப்பதால் என்ன நன்மை?
2. கை கால் தசையில் ட்ரோபோனின் செய்யும் வேலையைக் குடல் தசையில் எது செய்கிறது?
3. கஹால் செல்கள் இல்லாவிட்டால் குடலுக்கு என்ன ஆகும்?
4. வயிற்றுவலி மாத்திரை போட்ட முதியவருக்குச் சிறுநீர் ஏன் அடைபடலாம்?
5. பேதியாகும் குழந்தைக்கு முதலில் கொடுக்க வேண்டியது எது? ஏன்?

விடைகள் எல்லாம் மேலேயே இருக்கின்றன. பிள்ளைகளிடம் கேளுங்கள். நான்காவது கேள்விக்கு மட்டும் வீட்டுப் பெரியவர்களையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு விடை சொல்லச் சொல்லுங்கள்.